வெள்ளி அம்புகளைத் தேடி

1939 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3 ஆம் நாள். பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியின்மீது போர் தொடுப்பதாக அறிவித்த அதே நாளில், யூகோஸ்லாவியத் தலைநகரான பெல்கிரேடில் ஒரு கார்ப் பந்தயம் நடந்தது. கலிமெக்டான் கோட்டையைச் சுற்றிய தெருக்களே பந்தயத் தடம். புறப்பட்ட வண்டிகள் ஐந்தே. இத்தாலிய வீரர் தாசியோ நுவோலாரி ஓட்டிய வெள்ளிநிற வண்டி வென்றது. ஐரோப்பாவில் போருக்குமுன் நடந்த பெரும் பந்தயங்களில் அதுவே இறுதியானது. வென்ற வண்டியை உருவாக்கிய ஆட்டோ யூனியன் நிறுவனத்தின் பந்தய வரலாறும் அன்றே முடிந்தது.

ஆவுடி, டி.கே.டபிள்யூ., ஹார்ச், வாண்டரர் ஆகிய நான்கு நிறுவனங்கள் 1932 ஆம் ஆண்டில் ஒன்றிணைந்து பிறந்ததே ஆட்டோ யூனியன். இன்றைய ஆவுடி கார்களின் முகப்பில் விளங்கும் நான்கு வளையங்கள் அந்த இணைப்பின் சின்னமேயாகும். சாக்சனி மாநிலத்துச் சுவிக்காவ் நகரில் இருந்த ஹார்ச் ஆலையில் பந்தய வண்டிகள் உருவாயின. வண்டியின் எடை 750 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது 1934 முதல் நடைமுறைக்கு வந்த பந்தய விதி. அவ்விதிக்குள் அடங்க ஃபெர்டினான்ட் போர்ஷே வகுத்த அமைப்பு அன்றைய உலகத்தை வியப்பில் ஆழ்த்தியது. ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கவேண்டிய எஞ்சினை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தார்! பதினாறு சிலிண்டர்களும் ஆறு லிட்டர்க் கொள்ளளவும் கொண்ட சி வகை வண்டி, 500 குதிரைத்திறனுக்கு மேல் ஆற்றல் உடையதாய் விளங்கியது. அதனை அடக்கி ஆளத் தெரிந்தவர் மிகச் சிலரே. அவர்களுள் தலைசிறந்தவரான பெர்ன்ட் ரோசமையர், 1936 இல் ஐரோப்பிய வாகையர் பட்டம் சூடி, 1938 சனவரி 28 இல் நெடுஞ்சாலை ஒன்றில் வேகச் சாதனை முயற்சியின்போது உயிர் துறந்தார். பந்தய உலகம் முழுவதும் பின்புற எஞ்சினுக்கு மாற மேலும் இருபது ஆண்டுகள் ஆயின என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

இவ்வண்டிகளின் பெருமையைப் பேசுவோர் மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. நாஜி அரசு தன் புகழை உலகெங்கும் பரப்பும் நோக்குடன் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்துக்கும் ஆட்டோ யூனியனுக்கும் அரசுப் பணத்தை வழங்கியது. வெள்ளிநிற மெருகின் பின்னால் அந்த நிழலும் படிந்தே இருக்கிறது.

போர்க்காலத்தில் பந்தய வண்டிகள் சுவிக்காவ் அருகே சுரங்கப் பகுதியில் மறைத்து வைக்கப்பட்டன. 1945 இல் சோவியத் படை அவற்றைக் கண்டெடுத்தது. போர் இழப்பீடாக அவை இரயில்வழி சோவியத் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இதனைக் கொள்ளை என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் ஜெர்மன் படையெடுப்பில் கோடிக்கணக்கான மக்களையும் எண்ணற்ற ஊர்களையும் இழந்த ஒரு நாடு, தோற்ற நாட்டின் எந்திரங்களைக் கேட்டதில் வியப்பில்லை. வருந்தத்தக்கது பின்னர் நேர்ந்ததே. வண்டிகள் ஆய்வு நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. பொறியாளர்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்தனர். தனி எரிபொருளும் தேர்ந்த கைகளும் இன்றி ஓடாத அந்தப் பந்தயக் குதிரைகளால், டிராக்டரும் லாரியும் தேவைப்பட்ட நாட்டுக்குப் பெரும்பயன் விளையவில்லை. ஒவ்வொன்றாகப் பழைய இரும்பாய்ப் போயின. சுவிக்காவோ கிழக்கு ஜெர்மனியின் பகுதியாகி, டிராபண்ட் என்னும் சிறு காரைத் தயாரிக்கலாயிற்று. மேற்கில் எஞ்சியது, மியூனிக் நகரின் ஜெர்மானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒரு சி வகை வண்டி மட்டுமே எனலாம்.

மாஸ்கோவின் ஸில் தொழிற்சாலையில் ஒரு வண்டி தப்பியிருந்தது. மலைப்பாதைப் பந்தயங்களுக்கென 1939 இல் உருவாக்கப்பட்ட வண்டி அது. பந்தயத் தடங்களில் அப்போது மூன்று லிட்டர் வரம்பு நிலவியது. மலையேற்றத்திலோ அவ்வரம்பு இல்லை. எனவே புதிய டி வகைச் சட்டகத்தில் பழைய பதினாறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, பின்சக்கரங்களை இரட்டையாக்கி அதனை அமைத்திருந்தனர். 1976 ஆம் ஆண்டில் அதனையும் உடைத்துவிட முடிவாயிற்று. செய்தி லாட்வியாவின் ரீகா நகருக்கு எட்டியது. அங்குப் பழங்கார் ஆர்வலர் கழகத்தை நடத்திவந்த விக்டர்ஸ் குல்பெர்க்ஸ் விரைந்து முயன்று, வண்டியை ரீகாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தனியார் உடைமைக்கும் வெளிநாட்டுத் தொடர்புக்கும் அத்தனை தடைகள் நிலவிய ஒரு நாட்டில், விடுமுறை நாட்களில் துரு நீக்கிக்கொண்டிருந்த ஆர்வலர் கூட்டம் ஒரு பேராலையின் முடிவை மாற்றியது சிறுசெயல் அன்று. 1989 இல் திறக்கப்பட்ட ரீகா மோட்டார் அருங்காட்சியகத்தின் மணிமுடியாக அவ்வண்டி விளங்கியது.

மற்றொரு தேடல் அமெரிக்காவிலிருந்து தொடங்கியது. ஃபுளோரிடாவில் வாழ்ந்த பழங்கார் சேகரிப்பாளர் பால் கராசிக், ரஷ்ய மொழி அறிந்தவர். சோவியத் நாட்டுக்குள் வெள்ளி அம்புகள் எங்கோ மறைந்து கிடக்கின்றன என்ற வதந்தியை மட்டும் துணையாகக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் அவர் அலைந்தார். வழிகாட்டி நூல் இல்லை. யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது. அந்நியர் ஒருவர் ஊர் ஊராய்ச் சென்று பழைய எந்திரங்களைப் பற்றி விசாரிப்பது ஐயத்துக்கு இடமான காலம் அது. அவர் கண்டடைந்தவை முழு வண்டிகள் அல்ல. சட்டகங்கள், எஞ்சின்கள், அச்சுகள் என்று சிதறிய உறுப்புகளே. டி வகை வண்டிகள் இரண்டுக்குரிய அவ்வுறுப்புகள் சிறிது சிறிதாக எல்லை கடந்து மேற்கை அடைந்தன.

இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த கிராஸ்த்வைட் அண்ட் கார்டினர் பட்டறை அவற்றுக்கு உயிர்கொடுக்கும் பணியை ஏற்றது. உடற்கூடு அறவே இல்லை. பழைய நிழற்படங்களைப் பார்த்துப் பார்த்து அலுமினியத் தகடுகளை அடித்து வளைக்க வேண்டியிருந்தது. எஞ்சின் உள்ளுறுப்புகளில் தேய்ந்தவற்றையும் தொலைந்தவற்றையும், கிடைத்தவற்றை அளந்து புதிதாய்க் கடைந்தனர். முதல் வண்டி 1990 இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் மீண்டும் உறுமியது. இரட்டைக் காற்றழுத்தி பொருந்திய 1939 ஆம் ஆண்டின் வண்டி சில ஆண்டுகள் கழித்து நிறைவுற்றது.

ஈண்டு ஒரு வினா எழுகிறது. பாதி பழையதும் பாதி புதியதுமான ஒன்றை எந்த வண்டி என்று அழைப்பது? இது வெறும் தத்துவ விளையாட்டன்று. 2007 ஆம் ஆண்டில் டி வகை வண்டி ஒன்று பாரிசில் ஏலத்துக்கு வரவிருந்தது. கோடிக்கணக்கான டாலர் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அவ்வண்டி எது, எந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதில் ஐயம் எழவே, ஏலம் கைவிடப்பட்டது. அதே எஃகு, அதே உழைப்பு. சட்டகத்தில் பதிந்த எண்ணும் ஏட்டுக் குறிப்பும் ஒத்துப்போகவில்லை என்றால், விலை மட்டுமன்றி வரலாறே தள்ளாடுகிறது. மீட்பாளர் எந்த உறுப்பு பழையது, எது தம் கைவேலை என்பதை எழுதிவைப்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆட்டோ யூனியனின் வழித்தோன்றலான ஆவுடி நிறுவனம், கராசிக் மீட்ட இரு வண்டிகளையும் தன் உடைமையாக்கியது. இரண்டாவது, 2012 இல் வந்து சேர்ந்தது. ரீகாவின் மலையேற்ற வண்டியும் அந்நிறுவனத்திடமே சென்றது. அதற்கு ஈடாக, அதே சசெக்ஸ் பட்டறையில் அச்சு அசலாக ஒரு படி செய்யப்பட்டு ரீகாவுக்கு வழங்கப்பட்டது. சட்டப்படி இதில் குறைகாண இடமில்லை. மூலம் பிறந்த மண்ணுக்குத் திரும்புவது முறையே என்பாரும் உளர். எனினும், உலை வாயிலிலிருந்து அதனை மீட்டவர்கள் ஜெர்மானியர் அல்லர். வண்டியை அடையாளம் கண்டு காப்பாற்றியது ரீகாவே. அந்நகரின் அருங்காட்சியகத்துக்கு வருவோர் இன்று காண்பது, பதினாறு சிலிண்டரும் இரட்டைப் பின்சக்கரமும் வெள்ளி நிறமும் குறைவின்றி அமைந்த அந்தப் படியைத்தான்.