புளியமரத்திலிருந்து முகாம் வேலி வரை: யாழ்ப்பாணத்து இரவு அச்சம் இடம்பெயர்ந்த வரலாறு

2011 ஆகஸ்ட் 22ஆம் திகதி இரவு, யாழ்ப்பாண நகரை ஒட்டிய நாவாந்துறையில் ஊர்ச் சனம் சிலரைத் துரத்திக்கொண்டு ஓடியது. துரத்தப்பட்டவர்கள் அருகிலிருந்த இராணுவ முகாமுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று ஊரவர்கள் சொன்னார்கள். முகாமை நோக்கிக் கல் பறந்தது. நள்ளிரவு கடந்ததும் படையினர் வீடு வீடாகப் புகுந்து ஆண்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள். நூறு பேரளவில் கைதாகினர். மறுநாள் பலர் காயங்களோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். துரத்தப்பட்ட உருவத்துக்கு ஊர் வைத்த பெயர் கிறீஸ் பூதம். குடாநாட்டின் பழைய பேய்களோடு இந்தப் பூதத்துக்கு என்ன உறவு, எந்த இடத்தில் அந்த உறவு அறுகிறது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

பழைய பேய்களுக்கு முகவரி இருந்தது. முனி புளியிலோ ஆலிலோ இருந்தது. கொள்ளிவால் பேய் வயல்வெளியிலும் தரவையிலும் தூரத்து நெருப்பாகத் தோன்றியது. கொத்தி பிள்ளைப்பேற்று வீட்டைத் தேடி வந்தது. சுடலைக்கும் சந்திக்கும் தனித்தனிக் காவலர்கள் இருந்தார்கள். இந்தப் பட்டியலில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியவர் வைரவர். திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் பக்கத்துப் பழைய வளவுகளில் வீட்டுக் கோடியில் ஒரு மரம், அதனடியில் நட்ட சூலம், கற்பூரம் எரித்து எரித்துக் கறுத்த ஒரு கல், இவ்வளவுதான் கோயில். வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பார்கள்; வேண்டுதல் பலித்தால் வடைமாலை சாத்துவார்கள். பேயைக் கண்டு அஞ்சுகிறவனும் அதை அடக்குகிறவரும் ஒரே வளவுக்குள் குடியிருந்தார்கள். ஒருவர் பயந்துபோனால் அடுத்து என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியும்: பார்வை பார்ப்பது, தண்ணீர் ஓதிக் கொடுப்பது, நூல் கட்டுவது, அதற்கும் அடங்காவிட்டால் கழிப்புக் கழித்துச் சந்தியில் கொண்டுபோய்ப் போடுவது. பேய்க்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தால் அது போய்விடும். மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் இதைத் தள்ளுகிறவர்கள், அச்சத்தைக் கையாள ஒரு சமூகம் செய்துவைத்திருந்த ஒழுங்கைக் காணத் தவறுகிறார்கள் என்பது என் கருத்து.

இந்த ஒழுங்கின்மேல் விழுந்த முதல் பெரிய அடி சைவத்துக்குள்ளிருந்தே வந்தது. 1816இல் அமெரிக்க மிஷன் குடாநாட்டில் காலூன்றியது முதல், பேய் வழிபாடு என்ற குற்றச்சாட்டு சைவர்களை நோக்கி ஓயாமல் வீசப்பட்டது. ஆறுமுக நாவலர் (1822–1879) அதற்குப் பதில் சொன்னார். சொன்ன கையோடு தம் சமயத்தாரையும் கண்டித்தார். காடன், மாடன், முனி வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் சைவத்துக்குப் புறம்பானவை என்று ஒதுக்கினார். கண்ணகி வழிபாடுகூட அவர் கண்டனத்துக்குத் தப்பவில்லை. இதன் விளைவு அடுத்த தலைமுறைகளில் மெல்ல மெல்லத் தெரிந்தது. கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி கோயில்களாயின. அண்ணமார் என்ற காவல் தெய்வம் இருந்த இடங்கள் பலவற்றில் பிள்ளையாரோ முருகனோ அமர்ந்தனர். சூலமாக நின்ற வைரவர் ஞானவைரவராகி, கர்ப்பக்கிருகமும் ஐயரும் பெற்றார். காவல் தெய்வங்கள் உயர்ந்தன; அவை காவல் காத்த எல்லைகள் மங்கின. பேய்கள் மட்டும் பழைய மரங்களிலேயே, தம்மை அடக்குபவர் இல்லாமல் தங்கின.

அந்த மரங்கள் நின்ற ஊர்களும் மாறின. திருநெல்வேலியில் சேர்.பொன். இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது, க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். தோட்டங்களும் பனங்காணிகளும் சூழ்ந்த ஊர் விடுதிகளும் கடைகளும் நிறைந்த இடமாயிற்று. மின்விளக்கு வந்த ஒழுங்கைகளில் பேய்க்கதை பாட்டிமாரின் வாயோடு நின்றுபோயிருக்கலாம். வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை.

1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் பலாலி வீதியில் நடந்த தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் அதே ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1987 ஒக்ரோபர் 11 நள்ளிரவையொட்டி இந்தியப் படை ஹெலிகொப்டர்களில் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கியது. அங்கே சிக்கிக்கொண்ட சீக்கியப் படைப்பிரிவினரில் ஒருவரைத் தவிர அனைவரும் மாண்டனர். பழைய கணக்கின்படி பார்த்தால் இவை யாவும் அகாலச் சாவுகள். பேய் உலாவுமென்று ஊர் அஞ்சவேண்டிய இடங்கள். ஆனால் இரவில் வெளியே போய்ப் பேயைக் காண ஆளில்லை. ஊரடங்கும் ஷெல்லும் இரவைப் பறித்துக்கொண்டன. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரமும் போயிற்று. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டு ஏற்றிய விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். இருட்டு முன்னைவிடக் கூடியிருந்தும், அந்த இருட்டில் நாய் குரைத்தால் வீட்டார் முனியை நினைக்கவில்லை. யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்தார், யாரைத் தேடி என்றுதான் நினைத்தார்கள்.

இந்த நினைப்பு ஊறிய மண்ணுக்குத்தான் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில் கிறீஸ் பூதம் வந்தது. அது தெற்கிலிருந்து வந்த சரக்கு. பிடித்தால் நழுவும்படி உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இறங்கும் திருடனைப் பற்றிய கதை, சிங்கள ஊர்களில் ‘கிறீஸ் யக்கா’ என்ற பெயரில் முன்பே வழங்கியது. 2011 ஆகஸ்டில் அது மலையகம், கிழக்கு, புத்தளம், வடக்கு என்று பரவியபோது திருடன் மறைந்து, தனித்திருக்கும் பெண்களைத் தாக்கிக் கீறிவிட்டு ஓடுபவன் உருவானான். புத்தளத்தில் ஆத்திரங்கொண்ட கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். அவசரகாலச் சட்டத்தை நீக்கும் அறிவிப்பு வெளியானதும் இதே மாதத்தில்தான். அந்தச் சட்டம் நீங்கினாலும் படையை ஊருக்குள் வைத்திருக்க அரசு ஏதோ சாட்டுத் தேடுகிறது என்று பலர் நம்பினர்.

இத்தகைய பீதி இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. 2001 மே மாதம் டில்லியில் ‘குரங்கு மனிதன்’ பற்றிய வதந்தி கிளம்பியபோது, மொட்டைமாடியில் படுத்திருந்தவர்கள் பயத்தில் குதித்து உயிரிழந்தனர். ஆனால் டில்லிக்காரர்கள் பொலிஸைக் கூப்பிட்டார்கள். நாவாந்துறை மக்கள் முகாமைச் சுற்றி நின்றார்கள். இந்த வேறுபாட்டைக் கூட்டு மனப்பிராந்தி என்ற விளக்கம் தொடுவதே இல்லை. கிறீஸ் பூதப் பீதியை 2015இல் விரிவாக ஆராய்ந்த ராஜேஷ் வேணுகோபால், போருக்குப் பிந்திய இராணுவமயச் சூழலில் சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பின்மையோடு அதை இணைத்துப் பார்க்கிறார். அந்த இணைப்பு எனக்கு உடன்பாடே. அதோடு நான் சேர்க்க விரும்புவது, மேலே சொன்ன நீண்ட வரலாற்றை. கிறீஸ் பூதத்துக்கு மரமில்லை, சுடலையில்லை, மடையில்லை. எந்தப் பரிகாரியும் அதற்குத் தண்ணீர் ஓதமுடியாது. அதற்கு ஊர் காட்டிய ஒரே முகவரி முகாம் வேலி. பேயென்றால் வைரவரிடம் முறையிட்டிருக்கலாம்; மனிதனென்றால் அரசிடம் முறையிட்டிருக்கலாம். இரண்டு வாசலும் அடைத்துக் கிடந்ததால் சனம் கையில் பொல்லோடு ஒழுங்கைக்கு வந்தது.

பெண்களின் நிலையை இங்கே தனியே சொல்லவேண்டும். பழைய கொத்தியும் பெண்ணைத்தான் தேடிவந்தது. ஆனால் அப்போது மருத்துவிச்சியும் சுற்றத்துப் பெண்களும் அறை நிறைய இருந்தார்கள். 2011இல் கணவனையோ மகனையோ போரில் இழந்து, பாதி கட்டிய வீட்டில், கதவுக்குப் பதிலாகத் தகரம் சாத்திப் படுத்த பெண்கள் வன்னியெங்கும் இருந்தார்கள். யார் கீறினார்கள் என்ற கேள்விக்கு விடை எதுவானாலும், அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது.

நாவாந்துறை மக்கள் தமக்கு நேர்ந்ததற்கு நியாயம் கேட்டு உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். 2018 ஆகஸ்டில் வட்டுக்கோட்டைப் பக்கத்து அராலியில் அடுத்த உருவம் முளைத்தது: இருட்டியபின் கூரைக்குக் கல்லெறிந்து, மதிலுக்கு மதில் தாவும் குள்ள மனிதர். அங்கும் எவரும் கழிப்புக் கழித்ததாகச் செய்தியில்லை. பொலிஸில் முறைப்பாடு பதியப்பட்டது.