நைட்ரஜன் கணக்கும் தொடைத் தசையும்

வயதேற ஏற ஆண்களின் தோளும் தொடையும் இளைப்பதை எல்லாக் காலத்து மருத்துவர்களும் கண்டிருக்கிறார்கள்; ஆயினும் அந்த இளைப்பைக் குறிக்கத் தனிப்பெயர் ஒன்று 1988 வரை மருத்துவத்தில் இருக்கவில்லை. அவ்வாண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கி நகரில் நடந்த ஆய்வாளர் கூட்டத்தில் இர்வின் ரோசன்பெர்க் என்னும் சத்துணவியல் அறிஞர், சதை என்று பொருள்படும் 'சார்க்ஸ்', வறுமை என்று பொருள்படும் 'பீனியா' ஆகிய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'சார்க்கோபீனியா' என்ற பெயரை முன்வைத்தார். சதை வறுமை என்று தமிழில் சொன்னால் பொருள் கச்சிதமாகவே பொருந்தும். அதற்கு முன்னரும் சில குறிப்புகள் இல்லாமலில்லை. மல்யுத்த வீரன் மைலோ கிழப்பருவத்தில் தன் கைகளைப் பார்த்து அழுததாக ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ முதுமை பற்றிய தம் நூலில் எழுதி, அந்த அழுகையை எள்ளவும் செய்தார். 1931-இல் லண்டன் நரம்பியல் மருத்துவர் மக்டொனால்டு கிரிட்ச்லி முதியவர்களின் கைகால்களில் தசை மெலிவதைப் பதிவு செய்தார். ஆனால் முன்னது ஒழுக்கப் பாடமாகவும் பின்னது நரம்பியல் குறிப்பாகவும் நின்றுவிட்டன. கண்ணெதிரே இருந்த ஒன்று இவ்வளவு காலம் ஆய்வுப் பொருளாகாமல் போனதற்கான காரணத்தை, உணவுக்கும் தசைக்குமான உறவை அறிவியல் எந்த அளவுகோலால் அளந்தது என்பதில்தான் தேட வேண்டும்.

அந்த அளவுகோல் நைட்ரஜன். 'புரோட்டீன்' என்ற சொல்லை 1838-இல் டச்சு வேதியியலர் முல்டர், சுவீடன் நாட்டு பெர்சேலியஸின் யோசனைப்படி அச்சேற்றினார். மாவுப்பொருளிலும் கொழுப்பிலும் இல்லாத நைட்ரஜன் புரதத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பங்கு இருப்பதால், உண்ட உணவின் நைட்ரஜனை ஒரு பக்கமும் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறும் நைட்ரஜனை மறுபக்கமும் எழுதி, உடல் புரதத்தைச் சேர்க்கிறதா இழக்கிறதா என்று வரவு செலவு பார்க்க முடிந்தது. ஜெர்மானிய வேதியியலர் லீபிக் 1842-இல் வெளியிட்ட நூலில், தசை தன்னிலுள்ள புரதத்தையே எரித்து வேலை செய்கிறது என்று வாதிட்டார். கடின உழைப்பாளிக்கு இறைச்சி மிகுதியாக வேண்டும் என்ற நம்பிக்கைக்கு இது அறிவியல் முத்திரை குத்தியது. அவர் வழிவந்த மியூனிக் ஆய்வாளர் கார்ல் வாய்ட், உழைக்கும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் என்று வகுத்த அளவு, பல பத்தாண்டுகளுக்கு ஐரோப்பியப் படைகளிலும் சிறைகளிலும் மேற்கோள் காட்டப்பட்டது.

லீபிக்கின் கோட்பாட்டை உடைத்தது ஒரு மலையேற்றம். 1865 ஆகஸ்ட் 30 அன்று சூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிக், விஸ்லிசெனஸ் என்னும் இருவர், சுவிட்சர்லாந்தின் பிரியென்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபால்ஹார்ன் சிகரத்துக்கு, ஏறக்குறைய 1,956 மீட்டர் உயரம், நடந்து ஏறினர். முந்தைய நாள் நண்பகலிலிருந்து அவர்கள் புரதத்தைத் தொடவில்லை; மாவுப்பசையைக் கொழுப்பில் பொரித்த அடைகளும் சர்க்கரை கலந்த தேநீருமே முக்கிய உணவு. ஏறும்போதும் ஏறிய பின்னும் சிறுநீரைத் தனித்தனியே சேகரித்து நைட்ரஜனைக் கணக்கிட்டபோது, எரிந்த புரதம் அத்தனை உயரத்துக்கு உடலைத் தூக்கிச் செல்லப் போதவே போதாது என்று தெரிந்தது. தசை ஓடுவதற்கு எரிபொருள் மாவும் கொழுப்பும்தான், புரதம் தசையின் கட்டுமானப் பொருள் என்ற பிரிவினை அங்கிருந்து தொடங்குகிறது. ஆய்வுக்கு ஆளானோர் இருவரும் நடுவயதைத் தொடாதவர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். அடுத்த நூறாண்டு ஆய்வுகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

எரிபொருள் அல்லவென்றால் புரதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. யேல் பல்கலைக்கழகத்து ரஸ்ஸல் சிட்டெண்டன், தம்மையும் சக ஆசிரியர்களையும் படைமருத்துவப் பிரிவு வீரர்களையும் பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களையும் மாதக்கணக்கில் சோதித்து, வாய்ட் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவான புரதத்திலேயே உடல் சமநிலையும் வலிமையும் நிலைக்கும் என்று 1904-இல் நூலாக வெளியிட்டார். இதை மறுத்தவர்களில் முக்கியமானவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் டேவிட் மெக்கே. வங்காளத்துச் சிறைகளின் உணவை ஆராய்ந்த அவர், புரதம் குறைந்த சோற்றுணவே வங்காளிகளின் மெலிந்த உடலுக்குக் காரணம் என்று 1912-இல் எழுதினார். வறுமையையும் மலேரியாவையும் விட்டுவிட்டு இனத்தின் உடல்வாகைத் தட்டில் இருந்த பருப்பின் அளவால் விளக்கிய அந்த வாதத்தில் காலனிய ஆட்சியின் வாடை வீசுகிறது. பின்னர் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல வட்டாரங்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து, சீக்கியரின் கோதுமையும் பாலும் கலந்த உணவில் அவை செழித்ததையும் சென்னை மாகாணத்துச் சோற்றுணவில் மெலிந்ததையும் காட்டினார். அவருடைய ஆய்வகமே பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அது 2020-இல் பெரியவர்களுக்கு வகுத்த அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவும் அதுவே, இரண்டுக்கும் அடித்தளம் அதே பழைய நைட்ரஜன் கணக்கு.

அந்தக் கணக்கின் ஊனம் எளிதில் புலப்படாதது. வரவும் செலவும் சமமாக இருக்கும் குடும்பம் செழிப்பானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். நிலத்தை விற்றுத் தின்று, மிஞ்சிய சிறு காணியின் விளைச்சலில் சிக்கனமாக ஓட்டும் குடும்பத்திலும் கணக்கு நேராகத்தான் நிற்கும். தொடைத் தசையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்ட எழுபது வயது மனிதர், அந்தக் குறுகிய உடலுக்கு ஏற்ற அளவில் உண்டு நைட்ரஜன் சமநிலையில் இருக்க முடியும். கணக்கு உடல் முழுவதையும் ஒரே பெட்டியாகப் பார்த்ததால், அதற்குள் தசை கரைவது அதன் கண்ணில் படவில்லை.

ஓய்வு பற்றிய வழக்கமும் இதற்குத் துணைபோயிற்று. முதியவருக்கும் நோயாளிக்கும் படுக்கையே மருந்து என்று மருத்துவமனைகள் நம்பிவந்த காலத்தில், 1948-இல் நியூயார்க்கில் வெளியான ஓர் ஆய்வு, உடல்நலமுள்ள நான்கு ஆண்களை இடுப்பு முதல் பாதம் வரை சாந்துக்கட்டில் ஆறேழு வாரம் அசையாமல் கிடத்தி, அவர்கள் நைட்ரஜனையும் கால்சியத்தையும் இழந்துகொண்டே போனதைக் காட்டியது. இதற்கு மூன்றாண்டு முன்பு சிகாகோ நகரின் படை மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், முழங்காலில் அடிபட்ட போர்வீரர்களுக்குச் சிறு எடையைப் பலமுறை தூக்கும் பழைய முறையை மாற்றி, பெரிய எடையைச் சிலமுறை தூக்கச் செய்து, வலிமை கூடக்கூட எடையையும் ஏற்றிச் சென்றார். இன்றைய பளுப்பயிற்சிக்கு அடிப்படை அதுதான். ஆனால் அது இளம் வீரர்களின் மருந்தாகவே தங்கிவிட்டது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1978-இல் பெரியவர்களுக்கு விடுத்த உடற்பயிற்சி அறிக்கை இதயத்துக்கும் நுரையீரலுக்குமான பயிற்சியோடு நின்றது. தசைப் பயிற்சி அதில் சேர 1990 ஆக வேண்டியிருந்தது.

தசையை நேராகப் பார்க்கும் வழிகள் இதற்கிடையே மெல்லத் திறந்தன. பால்டிமோரில் 1958-இல் தொடங்கிய, இருபதாண்டுக் காலம் ஆண்களை மட்டுமே சேர்த்த, முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வில், தசையிலிருந்து உருவாகிச் சிறுநீரில் கழியும் கிரியேட்டினினை அளந்தனர். சிறுநீரக நோயாளி இருக்கும் வீடுகளில் பழகிய அந்தச் சொல் இங்கே தசையின் அளவைச் சொல்லும் குறியாயிற்று. வயதோடு உடலின் எரிசக்திச் செலவு குறைவதற்குத் தசை குறைவதே பெரும் காரணம் என்று 1977-இல் அவர்கள் காட்டினர். அதே சிறுநீர்தான், கேட்ட கேள்வி வேறு. சுவீடனில் லெக்செல் குழுவினர் 15 முதல் 83 வயதுக்குட்பட்ட, இறந்துபோன 43 ஆண்களின் வெளித்தொடைத் தசையைக் குறுக்காக அறுத்து ஆராய்ந்து, இருபதிலிருந்து எண்பது வயதுக்குள் அதன் பரப்பு ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது குறைகிறது என்றும், இழைகள் மெலிவதைவிட எண்ணிக்கையில் குறைவதே முதற்காரணம் என்றும் 1988-இல் வெளியிட்டனர்.

அதே 1988-இல் பாஸ்டன் நகரிலிருந்து வந்த செய்திதான் வழக்கத்தைத் திருப்பியது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் முதுமைக்கால ஊட்டச்சத்து ஆய்வு மையத்தில் ஃப்ரொன்டெரா, எவன்ஸ் உள்ளிட்டோர் 60 முதல் 72 வயதுக்குட்பட்ட பன்னிரண்டு ஆண்களைத் தேர்ந்து, பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், முழங்காலை நீட்டவும் மடக்கவும் எடை தூக்கச் செய்தனர். ஒருவர் ஒரே ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய பெரும எடையில் எண்பது சதவீதத்தை அவர் ஒரு சுற்றுக்கு எட்டு முறை வீதம் மூன்று சுற்று தூக்கினார். வாரந்தோறும் பெரும எடை மறுபடி சோதிக்கப்பட்டுச் சுமை ஏற்றப்பட்டது. முடிவில் முழங்காலை நீட்டும் வலிமை இருமடங்குக்கு மேலும், மடக்கும் வலிமை மும்மடங்குக்கு மேலும் உயர்ந்திருந்தன. இதை நரம்பின் பழக்கம் என்று ஒதுக்கிவிடலாம்; முதியவர்களின் வலிமைக்கூட்டல் பெரும்பாலும் நரம்பு சார்ந்தது என்று 1980-இலேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. ஆனால் சி.டி. ஸ்கேனில் தொடைத் தசையின் பரப்பு 11.4 சதவீதம் கூடியிருந்தது. ஊசியால் எடுத்த தசைத் துணுக்கில் இழைகளே பருத்திருந்தன. அறுபது கடந்த தசைக்கு வளரத் தெரியாது என்ற கருத்து அந்தப் படத்தோடு முடிந்தது.

இரண்டாண்டு கழித்து மரியா ஃபியாட்டரோனே இதே முறையை அந்நகரின் முதியோர் இல்லமொன்றில், சராசரி வயது தொண்ணூறான பத்துப் பேரிடம் கொண்டுபோனார். எட்டு வாரத்தை முடித்தவர்களின் கால்வலிமை சராசரி 174 சதவீதம் உயர, இருவர் கைத்தடியைக் கைவிட்டனர். 1994-இல் நூறு பேரிடம் அவர் நடத்திய பெரிய ஆய்வுதான் உணவின் இடத்தைத் தெளிவாக்கியது. பயிற்சி மட்டும், ஊட்டச்சத்துப் பானம் மட்டும், இரண்டும், இரண்டுமில்லை என நான்காகப் பிரிக்கப்பட்டவர்களில் பயிற்சி செய்தோரின் வலிமை பத்து வாரத்தில் இருமடங்கைத் தாண்டியது. பானத்தை மட்டும் குடித்தோருக்குப் பயன் இல்லை. பானம் வயிற்றை நிரப்ப, அவர்கள் வழக்கமான சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதும் தெரியவந்தது. தம்ளரில் வரும் புரத மாவை முதுமைக்கு மருந்தாக விற்போர் இந்த ஆய்வை எடுத்துக்காட்டுவதில்லை.

அதனால் புரதம் வீண் என்று ஆகிவிடாது. பாஸ்டனிலேயே பயிற்சி செய்த ஆண்களில் பாதிப்பேருக்குக் கூடுதல் ஊட்டம் கொடுத்துப் பார்த்தபோது, வலிமையில் வேறுபாடு இல்லையென்றாலும் அவர்களின் தொடைத் தசை கூடுதலாக வளர்ந்தது. 2001-இல் வெய்ன் கேம்பல் குழுவினர், கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அளவைப் பதினான்கு வாரம் பின்பற்றிய முதியோரின் நைட்ரஜன் கணக்கு ஏறத்தாழ நிலைபெற்ற பின்னும் தொடைத் தசை சுருங்கியதைக் காட்டினர். பழைய அளவுகோலின் ஊனம் அங்கே படமாகவே தெரிந்தது. உண்ட அமினோ அமிலங்களைக் கொண்டு புதுத் தசை கட்டும் வேகம் முதிய உடலில் மந்தமாகிவிடுகிறது, இளைஞனின் தசையை எழுப்பும் அளவு கிழவரின் தசையை எழுப்பப் போதாது என்பது இதற்கு உடலியலார் கூறும் விளக்கம். எடை தூக்கிய தசையில் அந்த மந்தம் ஓரளவு தெளிகிறது. 2013-இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று முதியோருக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைத்தது. ஆனால் 2018-இல் ஷலேந்தர் பாசின் குழுவினர், 65 வயதைக் கடந்து நடமாட்டத்தில் சற்றே தளர்ந்த ஆண்களுக்கு ஆறு மாதம் 0.8 கிராமும் 1.3 கிராமும் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்டபோது, பயிற்சி இல்லாத நிலையில் கொழுப்பு நீங்கிய உடல் எடையில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. சிட்டெண்டனுக்கும் மெக்கேக்கும் இடையே இருந்த வழக்கு கிராம் கணக்கில் இன்னும் தீரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மருத்துவமனைகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2019-இல் ஆசிய நாடுகளின் வல்லுநர்கள் வகுத்த நெறிமுறையில், ஓர் ஆண் பிடிமானியைக் கையால் அழுத்தும்போது 28 கிலோவுக்குக் கீழே முள் நின்றால், அல்லது நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், அவருடைய தசையைச் சோதிக்க வேண்டும். அதற்கும் முன்னால் கெண்டைக்காலைச் சுற்றி ஓர் அளவுநாடாவைப் பிடித்து 34 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சிறுநீர்க் குடுவை அந்த மேசையில் இல்லை.