பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளோடு பழகுகிற எல்லோரும் கடைசிவரை வாசியுங்கள்.

ஆலங்குடா, கற்பிட்டிப் பக்கம் புற்றுநோயைப் பெயர் சொல்லிப் பேசுவது குறைவு. "அந்த வருத்தம்" என்போம். பிள்ளைக்கு வந்துவிட்டால் அதையும் சொல்லமாட்டோம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகும்போது "சும்மா கொழும்புக்குப் போறோம்" என்போம். பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்ற இரக்கம்தான் காரணம். ஆனால் அந்த இரக்கம் பிள்ளைக்கு உதவுகிறதா? மருத்துவ வரலாற்றில் இதற்குப் பதில் இருக்கிறது.

முதலில் மருந்தின் கதை. அது நாம் பாணில் பூசும் மார்மைட்டிலிருந்து தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். மார்மைட் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதில் இருந்த சத்துத்தான் பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. இன்று கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கும் குளிசை அதுதான்.

பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் இருந்த சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு இந்த வகைச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது. அப்படியானால் இந்தச் சத்தைத் தடுத்தால் நோய் அடங்குமா என்று யோசித்தார். தடுக்கும் மருந்தைத் தயாரித்துக் கொடுத்தது எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையிலான குழு. சுப்பாராவ் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 பிள்ளைகளில் 10 பேரிடம் முன்னேற்றம். அது நிரந்தரமாக இருக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னர் அந்த நோய்க்கு மருந்தே இருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சுப்பாராவ் காலமானார்.

அதன் பிறகு மெத்தோட்ரெக்ஸேட் வந்தது. 1960களில், நம் முற்றத்தில் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து வின்கிறிஸ்டீன் வந்தது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். வசதியான நாடுகளில் இன்று புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 வீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த பல நாடுகளில் அது 30 வீதத்துக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிந்திக் கண்டுபிடிப்பதும் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் முக்கிய காரணங்கள்.

இனி இரண்டாவது கதை. மருந்து வந்ததும் பிள்ளைகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாட்டில் வாழத் தொடங்கினார்கள். "பிள்ளையிடம் சொல்லாதீர்கள், அதற்கு விளங்காது" என்பதே அக்காலத்துப் பெரும்பாலானோரின் அறிவுரை. அதைச் சோதித்துப் பார்த்தவர் ஒரு தாதி. அமெரிக்காவின் யூஜீனியா வெக்டர், 6 முதல் 10 வயதுவரையான 64 பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். 1971இல் அந்த ஆய்வு வெளிவந்தது. உயிராபத்தான நோயுள்ள 16 பிள்ளைகளில் இருவர் மட்டுமே மரண பயம் பற்றிப் பெற்றோரிடம் பேசியிருந்தார்கள். ஆனால் அவர்கள் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் மரணம் வந்தது. நோயைப் பற்றிப் பேச இடம் கிடைத்த பிள்ளைகளிடம் அந்தப் பயம் குறைவாக இருந்தது.

அதே காலப்பகுதியில் மைரா புளூபொண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் இப்படிப்பட்ட வாட்டொன்றில் பிள்ளைகளோடு நெடுநாள் பழகினார். மருந்தின் பெயர், பக்கத்துக் கட்டில் ஏன் காலியானது, எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. உம்மாவும் வாப்பாவும் உடைந்துவிடக் கூடாது என்று, தெரியாதது போல் இருந்தார்கள். நாம் பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைக்கிறோம். பிள்ளை நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதுவும் தனியாக.

இன்று புற்றுநோய்ச் சிறுவர் தாதியத்தில் ஊசி போடுவதைப் போலவே விளக்கிச் சொல்வதும் வேலைதான். என்ன நோய், ஏன் முடி கொட்டும், அது திரும்ப முளைக்கும், எது வலிக்கும் என்பதை வயதுக்கேற்பச் சொல்கிறார்கள். "வலிக்காது" என்று சொல்லிக் குத்தினால் அடுத்த முறை பிள்ளை யாரையும் நம்பாது.

வீட்டில் நாம் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. "உனக்கு இந்த வருத்தம் வந்திருக்கு. இது உன்ட பிழை இல்ல. யாருக்கும் தொற்றாது. நாங்க கூடவே இருப்போம்." முக்கியமானது 'பிழை இல்லை' என்பதுதான். பல பிள்ளைகள் தாம் செய்த குறும்புக்குத் தண்டனை என்று நினைக்கிறார்கள். பருவமடையாத பிள்ளைமீது பாவம் எழுதப்படுவதில்லை என்பது நம் மார்க்கம் சொல்வது. அதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

சிகிச்சையில் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு அது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆசிரியர்களே, வகுப்பில் யாருக்காவது கொப்புளிப்பானோ சின்னமுத்தோ வந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அன்றே அறிவியுங்கள். முடியில்லாமல் திரும்பி வரும் நாளுக்கு முன்பே மற்றப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். கிழமைக்கணக்கில் நிற்காத காய்ச்சல், வெளிறிய முகம், காரணமில்லாத நீலத் தழும்பு, எலும்பு வலி இருந்தால் பெற்றோரிடம் சொல்லி வைத்தியரிடம் அனுப்புங்கள். பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும். இல்லாவிட்டால், நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தை ஒரு பிள்ளைக்கு நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கும்.

சிகிச்சையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆ செய்யுங்கள்.