யார் நீ, நிரூபி!

வெப் பக்கத்தை கிளவுட் டேட்டாபேஸோடு இணைக்கும்போது நாம எழுதுற முதல் விதி: ‘யார் நீ, நிரூபி, இல்லைன்னா உள்ளே வராதே.’ மலையகத்துக்கு இது புதுசில்ல.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு. லயத்துல பலரிடம் அந்தக் காகிதம் இல்ல. செக்ரோலில் பேர் இருந்தது. அது சம்பளத்துக்கு மட்டும்தான் செல்லுபடி. 1949 சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கே.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் கேள்வியையே மாற்றியது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்த நாளான 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும், அவர்கள் வழிவந்தோரும் பிரஜாவுரிமைக்கு உரியவர்களானார்கள். சனம் அதே சனம்தான், விதி மாறியது.

லாகின் பக்கம் கட்டும்போது, நாம கேட்கிற ஆதாரம் யார் வீட்டில் இருக்காதுன்னு முதல்ல யோசிப்போம்.