எச்சில் வழி

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்டு வயதுக் கறுப்பினக் குழந்தை ஒன்றின் வாயிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அந்த வகைக்கு ஜேபி2 என்று பெயர். அதன் முழு அறிவியல் பெயர் அக்ரிகேட்டிபாக்டர் ஆக்டினோமைசிட்டம்காமிட்டன்ஸ். ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடலாம், நானும் இனி எழுதப்போவதில்லை.

அது உண்டாக்கும் நோய் விசித்திரமானது. பதின்ம வயதில், பெரிய வலியோ வீக்கமோ இல்லாமல், முதல் கடைவாய்ப்பற்களையும் முன்பற்களையும் தாங்கும் எலும்பு கரைகிறது. சொத்தை இல்லாத பல் ஆடத் தொடங்கும்போதுதான் வீட்டில் தெரியவருகிறது. வெள்ளைப் பிள்ளைகளைவிடக் கறுப்பினப் பிள்ளைகளிடம் இது மிகுதி என்று பல் மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதிவந்தார்கள். அதைப் படிப்பவர் தோலின் நிறத்தில் காரணம் தேடத் தொடங்குவார். இந்தக் கதையில் தோலைவிடக் கப்பல்களுக்கே பங்கு அதிகம்.

வெள்ளையணுக்களைக் கொல்லும் ஒரு நஞ்சை இந்தப் பாக்டீரியா உருவாக்குகிறது. ஜேபி2இல் அந்த நஞ்சுக்கான மரபணுக்களுக்கு முன்னால் இருக்கவேண்டிய 530 எழுத்துகள் விடுபட்டுப்போயிருக்கின்றன. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும்: கட்டுப்படுத்தும் வரிகள் அழிந்துவிட்டன, நிரல் நிற்காமல் ஓடுகிறது. நஞ்சு பல மடங்கு பெருகுகிறது. மொராக்கோவின் தலைநகர் ரபாத்தில் பள்ளி மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் லான்செட் இதழில் வந்தது. இந்தப் பாக்டீரியா அறவே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், ஜேபி2 மட்டும் இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 18 மடங்கு.

அந்த ஆய்வில் பங்குகொண்ட டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் ஓராண்டு முன்னரே வேறொரு வேலையை முடித்திருந்தார்கள். பல நாடுகளில் சேகரித்த ஜேபி2 மாதிரிகளின் மரபணு எழுத்துகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். உதவிக்கு வந்தவை செயலிழந்த மரபணுக்கள். பயன்படாத இடத்தில் விழுந்த எழுத்துப்பிழையால் யாருக்கும் நட்டமில்லை. அது தலைமுறை தலைமுறையாக அப்படியே நகலாகும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்ட நம் பதிப்பாசிரியர்களுக்கும் இந்த வித்தை தெரியும்: ஒரே பிழை உள்ள ஏடுகள் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை. மத்தியதரைக் கடலோர ஆப்பிரிக்காவின் மாதிரிகளும் மேற்கு ஆப்பிரிக்க மாதிரிகளும் அவற்றின் பிழைகளால் தனித்தனியே அடையாளம் தெரிந்தன. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவின் வடக்கே தோன்றி, மேற்கே பரவி, அங்கிருந்து அடிமை வணிகத்தோடு அமெரிக்கக் கண்டங்களுக்குப் போயிருக்கலாம் என்று எழுதினார்கள்.

அட்லாண்டிக் கடலில் அப்படி ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். பெரும்பாலோருக்குத் தலைக்கணக்கைத் தவிர வேறு பதிவு இல்லை. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அமெரிக்க அடிமைப் பட்டியல்களில் வயது உண்டு, பால் உண்டு, நிறம் உண்டு. பெயர் பொதுவாகக் கிடையாது. அவர்களில் மிகப் பலரின் பெயர் மக்கள்தொகைக் கணக்கில் முதன்முதலாக ஏறியது 1870இல்தான்.

1662இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும். எசமானனுக்குப் பிறந்த குழந்தையும் அவனுடைய சொத்தாகிவிடுவதற்கு இது வசதி. ஜேபி2வும் பெரும்பாலும் வீட்டுக்குள்தான், பெற்றவரிடமிருந்தோ உடன்பிறந்தவரிடமிருந்தோ, எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகிறது. சட்டம் இறங்கிய பாதையிலேயே கிருமியும் இறங்கியிருக்கிறது. தாயையும் பிள்ளையையும் தனித்தனியே ஏலம் விட்ட காலம் அது. அப்படியும் அது இன்றுவரை வந்து சேர்ந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் ஒரு குழந்தையை மடியில் வைத்து ஊட்டியிருக்கவேண்டும்.

இத்தனை நூற்றாண்டுகள் பிரிந்திருந்தும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமே தங்கிவிட்டதால், ஜேபி2 குறிப்பிட்ட மனிதர்களையே நாடுகிறது என்று ஆர்ஹுஸ் ஆய்வாளர்கள் கருதினார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. குடிநீர்க் குழாயையும் உணவு மேசையையும் நிறத்தால் பிரித்துவைத்த நாட்டில் எச்சிலும் பிரிந்துதான் கிடக்கும். வாயில் ஊறுவதற்கும் ஒருவர் உண்டு மீந்ததற்கும் தமிழில் ஒரே சொல். யார் எச்சில் யாருக்கு ஆகும் என்ற கணக்கை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்வீடனில் ஒரு வெள்ளையர் குடும்பத்தினரிடமும் ஜேபி2 இருப்பதாக 2011இல் செய்தி வந்தது. ஒருமுறை உள்ளே நுழைந்தபின் அது குடும்பத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

2013இல் ஓஹாயோவில், வாய்ப் பாக்டீரியாக்களை மட்டும் கொண்டு நான்கு இனக்குழுக்களில் ஒருவர் எதைச் சேர்ந்தவர் என்று கணினியைச் சொல்லவைத்தார்கள். 62 விழுக்காடு சரியாகச் சொன்னது. இத்தகைய நிரல்களோடு பழகியவனாக ஒன்று சொல்லலாம்: இனம் என்ன என்று கேட்டுப் பழக்கினால் அது இனத்தைச் சொல்லும். 2017இல் வேறோர் ஆய்வில், பல வீடுகளில் வாழும் ஒரே பெரிய யூதக் குடும்பத்தின் உமிழ்நீரைச் சோதித்தார்கள். இரத்த உறவின் நெருக்கத்தைவிட, ஒரே வீட்டில் வாழ்வதே பாக்டீரியாக்களை அதிகம் தீர்மானித்தது.

விஷயம் தெரிந்த பல் மருத்துவர் பல் ஆடும் பிள்ளைக்குச் சுத்தம் செய்து, நுண்ணுயிர்க்கொல்லி எழுதிக்கொடுத்த கையோடு, அடுத்த முறை வரும்போது தம்பி தங்கைகளையும் அம்மாவையும் கூட்டிவரச் சொல்கிறார்.