எஜமான் போன பிறகு

ஓசூரிலிருந்து கூடாரமும் கையுமாக அஞ்செட்டி காட்டுக்குக் கிளம்புகிறவர்கள், வழியில் மத்திகிரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பட்டாளத்துக்காக அங்கே குதிரைப் பண்ணை வைத்தது. பிற்பாடு அது கால்நடைப் பண்ணையாகிப் பிழைத்துக்கொண்டது.

கிட்டத்தட்ட அதே காலத்தில், கடலுக்கு அப்பால் நெடுந்தீவிலும் ஒரு குதிரைப் பண்ணை நடந்தது. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரர்களும் விட்டுப்போன குதிரைகளை நோலன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே வளர்த்தார். பழைய லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. வெள்ளைக்காரர் போனார், குதிரைகள் எங்கே போகும்? கட்டுத்தறி இல்லாமல் தீவின் தெற்கு வெளியில் அலைந்து பெருகின. தூரத்தில் நின்று பார்த்தால் மட்டக்குதிரை உயரம்தான். பெட்டைகளும் குட்டிகளும் மேய, ஆண்குதிரை ஓரமாக நின்று காவல் காக்கும்.

வேடிக்கை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், கடும் கோடையில் குளங்கள் வற்றிவிட்டால், தாகத்தில் சுருண்டு விழுந்து சாகின்றன. இவற்றைக் 'காட்டுக் குதிரை' என்கிறோம். உண்மையில் இவை, யாருடைய சண்டைக்கோ வளர்க்கப்பட்டு, வேலை முடிந்ததும் கைவிடப்பட்ட வேலைக்காரர்களின் வாரிசுகள். பென்ஷன் கேட்கவில்லை, கோடையில் ஒரு தொட்டித் தண்ணீர் போதும்.