திரையை விலக்கியது யார்?

மார்கழியில் ஒரு காலை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வாசகர் ஒருவர் போன் செய்தார். ரிட்டயர் ஆனவர். குரலில் பதற்றம்.

"சார், எங்க வீட்ல ஒரு பாம்பு இருக்கு..."

"ஃபயர் சர்வீஸுக்குப் பண்ணுங்க சார், எனக்கு ஏன் பண்றீங்க?" என்றேன்.

"அய்யய்யோ, அது இல்ல சார். வளர்க்கிற பாம்பு. பால் பைத்தான்!"

உங்களுக்கு இப்போது என்ன தோன்றியதோ, அதுதான் எனக்கும் தோன்றியது. புற்றுக்குப் பால் ஊற்றுகிற ஊர்க்காரர்கள் ஆயிற்றே நாம்! ஆனால், இது அந்தப் பால் இல்லை. பந்து என்று அர்த்தம் வருகிற இங்கிலீஷ் 'பால்'. பயந்தால் சீறிப் பாயாது. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுகொள்ளும். மேற்கு ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு. பெரும்பாலும் நாலைந்து அடிக்கு மேல் வளராது. விஷம் கிடையாது. பிரிட்டனில் இதற்கு 'ராயல் பைத்தான்' என்று பெயர்.

வாங்கியது அவருடைய மகன். வேலை கிடைத்து பெங்களூர் போனவர், பாம்பை அப்பா அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"மூணு வருஷமா பரம சாது சார். பேத்தி கையில வளையல் மாதிரி சுத்திக்கிட்டுக் கிடக்கும். ஒரு மாசமா ஆளே மாறிடுச்சு. எலி வெச்சா தொடறதில்லை. கிட்டப் போனா புஸ்ஸுங்குது. நேத்து கையைக் கடிக்க வந்துடுச்சு. வீட்ல ஏதோ தோஷம்ங்கறாங்க. பேசாம பிச்சாவரம் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாமான்னு பார்க்கறேன்."

"ஒரே ஒரு வாரம் பொறுங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

பிச்சாவரத்துக்குப் போவதற்கு முன்னால், நாம் சிதம்பரத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம். ஏனென்றால், 'சாதுவாக இருந்த பாம்பு ஏன் திடீரென்று மாறியது' என்ற கேள்விக்குத் தில்லையில் ஒரு பழங்கதை இருக்கிறது.

நடராஜரின் ஆட்டத்தைப் பார்க்க ஆதிசேஷனே பதஞ்சலியாகப் பிறந்து தில்லைக்கு வந்தார் என்பது ஐதீகம். சிதம்பரத்தில் அவர் வழிபட்டதாகச் சொல்லப்படும் அனந்தீஸ்வரர் கோயில் இன்றும் உண்டு. சிற்பங்களில் பார்த்திருப்பீர்கள். இடுப்புக்கு மேல் முனிவர், கீழே பாம்பு.

அந்தப் பதஞ்சலியிடம் இலக்கணம் கற்க ஆயிரம் பேர் வருகிறார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் பாடம். ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஆதிசேஷனாக மாறி ஆயிரம் தலை எடுத்தாக வேண்டும். அந்த மூச்சு நேராகப் பட்டால் மனிதர்கள் பிழைக்க மாட்டார்கள். அதனால் நடுவில் திரை ஒன்றைக் கட்டினார். 'யாரும் திரையை விலக்கக் கூடாது' என்பதுதான் நிபந்தனை.

பாடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சீடனுக்கு மட்டும் அரிப்பு... 'ஒரே ஒருத்தர் எப்படி ஆயிரம் பேருக்குப் பதில் சொல்கிறார்?' மெல்லத் திரையைத் தூக்கினான். அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சாம்பல்! அந்த நேரம் வெளியே போயிருந்த ஒருவர் மட்டும் தப்பினார். கௌடபாதர்.

பக்திக் கதையாக இதைப் பலமுறை கேட்டிருப்போம். ஒரு முறை பாம்பின் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள். பாம்பு மாறவில்லை. அது அன்றும் அதேதான், முந்தின நாளும் அதேதான். மாறியது திரை. விலக்கியது மனிதக் கை!

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி, நம்ம மஞ்சக்குப்பத்துப் பாம்பின் சொந்த ஊருக்குப் போவோம்.

ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் ஊய்தா என்று ஒரு கடற்கரை நகரம். அங்கே இந்த ராயல் பைத்தான்தான் தெய்வம். கோயில் கட்டிப் பாம்புகளை வைத்திருக்கிறார்கள். பழைய ஊய்தா ராஜ்ஜியத்தை 1727-ல் பக்கத்து தஹோமி மன்னன் அகாஜா படையெடுத்துப் பிடித்தான். 'பாம்பு தெய்வம் நம்மைக் காப்பாற்றும்' என்று ஊய்தாக்காரர்கள் நம்பியிருந்தார்கள். உள்ளே புகுந்த வீரர்களோ பாம்புகளைத் தூக்கிப் பிடித்து, 'தெய்வம்தானே, பேசேன் பார்ப்போம்' என்று கேலி செய்துவிட்டு, சுட்டுத் தின்றுவிட்டதாக அந்தக் காலத்து ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

கும்பிட்டவர்களும் சரி, தின்றவர்களும் சரி... பாம்பு மனித பாஷையில் பேச வேண்டும் என்றே எதிர்பார்த்தார்கள். தோஷம் என்று சொல்லும்போது நாமும் அதையேதான் செய்கிறோம். பாம்பின் நடத்தைதான் பாம்பின் பாஷை. அதைப் படிக்க படித்தவர்களுக்கே ரொம்ப நாள் பிடித்தது.

ஓர் உதாரணம். 1830-களில் லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி இந்தியாவிலிருந்து திரும்பிப்போய் பாரீஸ் விஞ்ஞானிகளிடம் ஒரு சேதி சொன்னார். 'இந்தியாவில் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்து அடைகாக்கிறது. அப்போது அதன் உடம்பு சுடுகிறது!' பாம்பு, குளிர் ரத்தப் பிராணி. அது எப்படிச் சுடும்? பாம்புகளைப் பற்றி அன்று கரைத்துக் குடித்திருந்த துமெரில் உட்பட யாரும் நம்பவில்லை.

1841-ல் பாரீஸ் மிருகக்காட்சி சாலையிலேயே ஒரு மலைப்பாம்பு 15 முட்டைகள் இட்டது. இட்டதும் அதன் போக்கே மாறியது. முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அசையவில்லை. வலென்சியென் என்ற விஞ்ஞானி தெர்மாமீட்டரைச் சுருளுக்குள் வைத்துப் பார்த்தார். சுட்டது! சுமார் 2 மாதத்தில் 8 குட்டிகள் வெளியே வந்தன. பயணி சொன்னது நிஜம். எப்படிச் சுடுகிறது என்பது தெரிய இன்னும் 125 வருஷம் ஆனது. நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் இந்திய மலைப்பாம்பு ஒன்றை ஆராய்ந்தவர்கள் 1966-ல் விளக்கினார்கள். குளிரில் நாம் நடுங்குகிற மாதிரி அது தசைகளை இறுக்கி இறுக்கித் தளர்த்தி வெப்பத்தை உண்டாக்குகிறதாம்.

நம் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் பாதியை அன்றே சொல்லியிருப்பார்கள். அடைக்கோழி கிட்டே போய்ப் பாருங்கள். சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும், சரியாக இரை எடுக்காது. கோழிக்குத் தோஷம் என்று யாராவது சொல்கிறோமா?

'எங்க பாம்பு தனியா இருக்கே, அதுக்கு ஏது முட்டை?' என்பீர்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 1961-லிருந்து ஒரு பால் பைத்தான் இருந்தது. குறைந்தது 15 வருஷமாக ஆண் பாம்பின் வாசனையே கிடையாது. 2020 ஜூலை 23-ம் தேதி 7 முட்டைகள் இட்டது. அப்போது அதற்கு வயது 62-க்கு மேல் என்று கணக்கிட்டார்கள்! ஆணே இல்லாமல் முட்டையிடுவதும், ஆணின் உயிரணுவை வருஷக்கணக்கில் சேமித்து வைப்பதும் பாம்புகளில் நடக்கிற காரியம்தான்.

சரி, முட்டை ஒரு காரணம். வேறென்ன?

சட்டை உரிக்கிற காலம். கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெளிறிப்போகும். பார்வை மங்கிய பாம்பு பயத்தில் சீறும், இரை தொடாது. உரித்து முடித்ததும் பழைய சாதுதான்.

பருவம். குளிர் மாதங்களில், இனப்பெருக்கக் காலத்தில், நன்கு வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜம். எடை குறையாதவரை பயமில்லை.

வெப்பம். இதுதான் முக்கியம். செரிமானத்துக்குக்கூட வெளிச்சூடு தேவைப்படுகிற ஜீவன் அது. கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26, 27 டிகிரி என்று இருந்தால் தேவைக்குத் தக்கபடி நகர்ந்துகொள்ளும். சூடு போதவில்லை என்றால் முதலில் சாப்பாட்டை நிறுத்தும். அப்புறம் சளி கட்டும்.

அதிர்வு. பாம்புக்குக் காது கேட்காது என்று படித்தோம் இல்லையா? 2012-ல் டென்மார்க் விஞ்ஞானிகள் இதே ராயல் பைத்தானை வைத்துச் சோதித்தார்கள். காற்றில் வரும் ஒலியை அது நேரடியாகக் கேட்பதில்லை. மண்டையோடு அதிர்வதை உணர்கிறது. குறைந்த அலைவரிசையில்தான் அது கூர்மை. பக்கத்து வீட்டு டிரில்லிங் மெஷினும் ஸ்பீக்கரின் 'தும் தும்'மும் அதன் உடம்பைத் தட்டுகின்றன என்று அர்த்தம்.

வாசனை. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் நீட்டினால், கை என்று தெரியாமல் பிடிக்கும். அதன் உதட்டோரக் குழிகள் வேறு வெப்பத்தை உணரும். எலி வாசனை, வெதுவெதுப்பான கை... அது வேறு என்னதான் நினைக்கும்?

இவை எல்லாம் இயல்பு. ஆனால், வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினாலோ, மூக்கில் குமிழ் வந்தாலோ, உண்ணிகளோடு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தாலோ, தலையை வானத்தைப் பார்த்து முறுக்கினாலோ தாமதிக்காதீர்கள். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடிப் போய்விடுங்கள்.

இனி, பிச்சாவரம்.

'பிடிக்கலையா, காட்டில் விட்டுவிடு' என்று அமெரிக்கா நினைத்ததற்கு ஃபுளோரிடா சாட்சி. ஆசியாவிலிருந்து செல்லமாக வாங்கிப்போன பர்மியப் மலைப்பாம்புகள் பெரிதானதும் சதுப்புக் காடுகளில் விடப்பட்டன, சில தப்பின. 2012-ல் வெளியான ஆய்வு அங்கே ரக்கூன்கள் 99 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னது. பாம்புகள் கூடவே கொண்டுபோன ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி இப்போது அந்த ஊர்ப் பாம்புகளையும் பிடித்து ஆட்டுகிறது.

கடைசியில் 2017-ல் அவர்கள் யாரை அழைத்தார்கள் தெரியுமா? நம்ம இருளர்களை! செங்கல்பட்டுப் பக்கத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் கடல் தாண்டிப் போனார்கள். புதருக்குள் இறங்கி, தடம் பார்த்து, உரித்த சட்டை பார்த்து, எச்சம் பார்த்து, முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பாம்பின் பாஷையைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது.

பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையிலும் இருளர்கள் இருக்கிறார்கள். உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள். அவர்கள் தண்ணீரில், ஊரில் இல்லாத பாம்பையும் அதன் ஒட்டுண்ணியையும் கொண்டுபோய் விட நமக்கு என்ன உரிமை? புல்வெளியில் பிறந்த பால் பைத்தான் அங்கே பெரும்பாலும் செத்துத்தான் போகும். அதுவும் பாவம்தானே?

சட்டமும் இதில் கறார். நம் ஊர் மலைப்பாம்பு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, வளர்த்தால் ஜெயில். பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு உயிரினங்களை 2022-ன் சட்டத் திருத்தப்படியும் 2024-ன் விதிகள்படியும் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்றாலும், கைமாற்றினாலும், இறந்தாலும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் திருட்டுத்தனம் ஓயவில்லை. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் இறங்கிய பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள்! அப்படி வந்தவை நோயோடும் மிரட்சியோடும்தான் இருக்கும். அது பிறகு 'திடீரென்று' மாறாமல் என்ன செய்யும்?

ஒரு வாரம் கழித்து மஞ்சக்குப்பத்துக்கு நானே போன் போட்டேன். மகன் முறையாகப் பதிவு செய்திருக்கிறார் என்பதை முதலில் கேட்டுக்கொண்டேன். அப்புறம், பி.காம். படித்தவன் புத்தி... வரவு செலவு மாதிரி தேதிவாரியாக விசாரித்தேன்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி வீட்ல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே சார்... உள் ரூம்ல இருந்த கூண்டை ஹாலுக்குக் கொண்டாந்தோம். ஹால்ல ஒரே ஒரு பிளக்தானா... ராத்திரி செல்போன் சார்ஜ் போடறப்ப அந்த ஹீட்டரைக் கழட்டிடுவோம்."

"டி.வி. எங்கே இருக்கு?"

"கூண்டுக்குப் பக்கத்துலதான்."

"பாம்பு ஒளிஞ்சுக்க உள்ளே ஏதாவது இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒரு மண்பானை இருந்துச்சு சார். வர்றவங்கல்லாம் 'பாம்பு எங்கே, பாம்பு எங்கே'ன்னு கேக்கறாங்க. அதான், எல்லாரும் பார்க்கட்டும்னு எடுத்துட்டோம்..."

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஆயிரங்கால் மண்டபம் ஞாபகம் வந்தது.

அன்றே கூண்டு உள் அறைக்குப் போனது. பானை திரும்பி வந்தது. ஹீட்டருக்குத் தனி பிளக் போட்டார்கள். தை பிறந்து சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"நேத்து ராத்திரி எலி எடுத்துக்கிச்சு சார்! ஆனா பகல் முழுக்கப் பானையை விட்டு வெளியவே வர மாட்டேங்குது. வந்தவங்களுக்குக் காட்ட முடியலை."

"நல்லா இருக்குன்னு அர்த்தம் சார்" என்றேன்.